கூட்டச் சொன்னதில் பாதி

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். அதுவும் வித்தை இல்லை, கணக்கு. மனதுக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். அதே எண்ணை இன்னொரு தடவை அதோடு கூட்டச் சொல்வேன். அப்புறம் நான் ஓர் எண் கொடுப்பேன், எட்டு என்றோ பத்து என்றோ. அதையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். வந்ததைப் பாதியாக்கி, முதலில் நினைத்த எண்ணை அதிலிருந்து கழித்துவிட வேண்டும். மிச்சம் என்ன என்று நான் சொல்லிவிடுவேன். அவர்கள் எந்த எண்ணை நினைத்திருந்தாலும் சரி, நான் கூட்டச் சொன்னதில் பாதிதான் கடைசியில் நிற்கும். எட்டு என்றால் நான்கு. பத்து என்றால் ஐந்து. இதில் இருப்பது அவ்வளவுதான்.

இதை நான் கிழிக்கிற காலண்டரின் பின்பக்கத்தில் படித்தேன். முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் ஒரு நாள் இருமலுக்குக் கஷாயம், ஒரு நாள் விடுகதை, ஒரு நாள் இது. ‘நண்பரின் மனதைப் படியுங்கள்’ என்று தலைப்புப் போட்டிருந்தது. அப்போது மந்தைவெளியில் ஒற்றை அறையில் இருந்தோம். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தார். அவரிடம்கூட நான் அதைச் செய்து காட்டவில்லை. தாளை மட்டும் மடித்து ஊசிநூல் டப்பாவில் வைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அந்த ஐந்து வருஷத்தில் எனக்குப் பிடித்தது கணக்கு ஒன்றுதான். மற்ற பாடமெல்லாம் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கணக்குக்குக் குரல் வேண்டாம். சிலேட்டில் போட்டுத் தூக்கிக் காட்டினால் போதும். அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் புடவைக்கு ஃபால்ஸ் அடித்தேன். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையிலிருந்து மூட்டையாக வரும். மயிலாப்பூர் வீடுகளுக்கு நானே போய் வாங்கிவருவேன். அந்த வேலைக்கும் குரல் வேண்டாம். நாலு பேர் இருக்கிற இடத்தில் இன்றைக்கும் எனக்குப் பேச வராது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்கு பண்ணி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும்.

கண் மங்கி வேலையை விட்ட பிறகு, டாக்டர் நடக்கச் சொன்னதால் லஸ் பக்கத்துப் பூங்காவுக்குப் போக ஆரம்பித்தேன். இரண்டு சுற்று நடப்பேன், அதற்கு மேல் முட்டி விடாது. பெஞ்சில் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஒருத்தி எங்கள் பிளாக்கிலேயே இருப்பவள், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இன்னொருவர் மாமி. மாமியை எனக்கு அதற்கு முன்பே இருபது வருஷமாகத் தெரியும். கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் முதல் மாடி. அவர் வீட்டுப் புடவைக்கெல்லாம் நான்தான் ஃபால்ஸ்.

அவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒருநாள் பேச்சு தீர்ந்து எல்லோரும் சும்மா இருந்தபோது, என்ன துணிச்சலோ, “ஒரு நம்பர் நெனச்சிக்கங்க” என்றேன். மூன்று தலையும் என் பக்கம் திரும்பியது. அப்படி எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது, என் கல்யாணத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

அதிலிருந்து பத்து வருஷம் அதுதான் என் பேச்சு. ஒவ்வொரு தடவையும் கூட்டச் சொல்லும் எண்ணை மாற்றிவிடுவேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கப் பார்க்கவும் இல்லை. ஆயாதான் கிண்டல் பண்ணுவாள். “அக்கா, எம் மருமவ மனசுல இன்னா கீதுன்னு பாத்து சொல்லேன். நம்பர் வோணாம், மேட்டர் மட்டும் சொல்லு” என்பாள். ஆனால் அவளும் உள்ளுக்குள் நம்பினாள். கிளி ஜோசியக்காரன் அடுக்கி வைத்திருக்கும் அட்டையைப் போல, நான் கூட்டு, கழி என்று சொல்வதெல்லாம் ஒரு சாக்கு, உண்மையில் எனக்கு ஏதோ தெரிகிறது என்பது அவர்கள் எண்ணம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து நான் என்ன பேசுவது?

போன வருஷம் மாமியின் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் வேலை செய்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் கட்டில் போட்டார்கள். மாமி பூங்காவுக்கு வருவது நின்றது.

வியாழக்கிழமைதோறும் நான் போய் ஒரு கை கொடுப்பேன். புரட்டிப் படுக்க வைக்கவும் விரிப்பு மாற்றவும் இரண்டு பேர் வேண்டும். மெட்ரோவுக்காக ரோட்டை அடைத்துத் தகரம் வைத்திருக்கிறார்கள். முன்பு பத்து நிமிஷத்தில் போன இடத்துக்கு இப்போது சுற்றிச் சுற்றி அரைமணி. மாடிப்படி வேறு. போய்ச் சேரும்போதே எனக்கு உட்கார்ந்தால் போதும் என்று இருக்கும். மாமி என்னைவிட ஓய்ந்து போயிருப்பார். இரண்டு பேரும் காபி குடித்துவிட்டு வேலையைத் தொடங்குவோம்.

சாருக்கு எவ்வளவு புரிகிறது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆரம்பத்தில் மாமி தினமும் கேட்பார், நான் யார் என்று தெரிகிறதா, தெரிந்தால் கையைத் தூக்குங்கோ என்று. சில நாள் தூக்கினார். அப்புறம் தூக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மகன் வந்தால் இது என்ன கலர், இது யார் போட்டோ என்று சின்னக் குழந்தையிடம் கேட்பதுபோல் சத்தமாகக் கேட்பார். சார் கண்ணை மூடிக்கொள்வார். சில சமயம் காரணமில்லாமல் அழுவார். உள்ளே ஒன்றும் இல்லை என்று மெதுவாக எல்லோரும் முடிவுக்கு வந்துவிட்டோம். நானும்தான்.

முடிவுக்கு வந்த பிறகு, அவர் முன்னால் எதையும் பேசலாம் என்று ஆகிவிட்டது. அவர் உடம்பைப் பற்றி, நாற்றத்தைப் பற்றி, ராத்தூக்கம் போனதைப் பற்றி. ஒரு வியாழக்கிழமை அவரைப் புரட்டும்போது மாமிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மாமி சொன்னார்: “போயிட்டார்னா அவருக்கும் தேவலை, எனக்கும் தேவலை.” நான் விரிப்பை இழுத்துக்கொண்டே, “ஆமா மாமி” என்றேன். அவருக்கு மேலே குனிந்துகொண்டுதான் இரண்டு பேரும் இதைச் சொன்னோம்.

மகன் கெட்டவர் இல்லை. தரமணியில் வேலை, கொட்டிவாக்கத்தில் வீடு. அம்மாவின் இடுப்பைப் பார்த்துப் பயந்துபோய், தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தை விசாரித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவேன், அதற்குள் சரியா இல்லையா என்று சொல்லிவிடு என்று மாமியிடம் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை மாமி போன் பண்ணினார். வழக்கமாக என்ன சமைத்தாய் என்று ஆரம்பிப்பவர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

“அவருக்குப் புரியறதுன்னா நான் அனுப்ப மாட்டேன். ஐம்பது வருஷம் கூட இருந்துட்டு, தெரிஞ்சே கொண்டு தள்ளினா அது பாவம். புரியலைன்னா எங்க படுத்துண்டா என்ன? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போறும். நீ நாளைக்கு வரச்சே அவர் மனசைப் பார்த்துச் சொல்லு.”

பத்து வருஷமாகச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். எனக்கு யார் மனதும் தெரியாது மாமி, அது வெறும் கணக்கு, காலண்டரில் போட்டிருந்தது, பத்து கூட்டச் சொன்னால் ஐந்து வரும், எட்டு என்றால் நான்கு. ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். மாமி கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், “நீ எப்பவும் அடக்கமாத்தான் சொல்லுவே. நாளைக்கு வா” என்று போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை போனபோது சாரைத் துடைத்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றிக்கு இட்டு, தலையணை கொடுத்துச் சாய்த்து வைத்திருந்தார் மாமி. டிவியை அணைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. ஜோசியருக்குப் போடுவதுபோல அதன்மேல் ஒரு துண்டு விரித்திருந்தது. வெட்கத்தில் எனக்கு அப்படியே படியிறங்கிப் போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் அந்தப் படியை அப்போதுதான் ஏறி வந்திருந்தேன்.

“நீ கேளு. நான் குறுக்க பேசல” என்று மாமி கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டார்.

என்னத்தைக் கேட்பது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் சொல்வோம், அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார், ஒன்றும் தெரியவில்லை மாமி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். உள்ளதைச் சொன்னால், என் மனதில் அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மற்றவர்களைப்போல் சத்தமாக எனக்குப் பேச வராது. முகத்தைப் பார்க்காமல், விரிப்பின்மேல் கிடந்த அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்.

“சார், மனசுல ஒரு நம்பர் நெனச்சிக்கங்க. சின்னதா இருக்கட்டும். எங்கிட்ட சொல்ல வோணாம்.”

நிறுத்தினேன். அதே எண்ணை அதோடு கூட்டச் சொன்னேன். நிறுத்தினேன். எட்டு கூட்டச் சொன்னேன். பாதியாக்கச் சொன்னேன். முதலில் நினைத்ததைக் கழித்துவிட்டு, மிச்சத்தை விரலில் காட்டச் சொன்னேன்.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் குக்கர் ரிப்பேர்க்காரன் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனான். அவன் சத்தம் தெருமுனை தாண்டும்வரை ஒன்றும் நடக்கவில்லை. நான் எழுந்திருக்கப் போனேன். அப்போது கை அசைந்தது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, நான்கு விரலை நீட்டினார்.

“என்ன சொல்றார்?” என்றார் மாமி.

தற்செயலாக இருக்கலாம். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்து, இந்தத் தடவை ஆறு கூட்டச் சொன்னேன். இப்போது அவ்வளவு நேரம் ஆகவில்லை. கட்டைவிரலால் சுண்டுவிரலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று விரலைக் காட்டினார். நான்கு தற்செயலாக வரலாம். மூன்று அப்படி வராது. சுண்டுவிரலை யாராவது பிடித்துக்கொண்டால்தான் வரும்.

மூன்றாவது தடவை சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒரு எண் நினைத்தாயிற்று, அதையே கூட்டியாயிற்று. “பத்து கூட்டிக்கங்க” என்றேன். பாதியாக்குங்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவருடைய கை பட்டென்று விரிந்தது. ஐந்து விரல். கழிக்கிற வரைக்கும் அவர் காத்திருக்கவில்லை.

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாயின் ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்தது. மறுபக்கம் மேலே ஏறியிருந்தது. சிரிக்கிறார். பத்து வருஷமாகப் பூங்கா பெஞ்சில் யாரும் கண்டுபிடிக்காததை, படுத்த படுக்கையில் இரண்டே தடவையில் பிடித்துவிட்டார். அத்தனை மாதமாக அவரிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. கலர்தான் கேட்டோம்.

“அவருக்குப் புரியுது மாமி. நல்லாவே புரியுது” என்றேன். இந்தத் தடவை மாமி நம்பவில்லை, நான்தான் விளக்க வேண்டியிருந்தது. என்ன கூட்டச் சொன்னேன், எத்தனை விரல் காட்டினார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதல்நாள் போனில் சொன்ன கணக்கு மாமிக்கு அப்போதுதான் ஏறியது. கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கா, சாருக்கா, சுவரிலிருந்த படத்துக்கா என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர். மகனுக்குப் போன் பண்ணப் போனவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“அப்போ எல்லாத்தையும் கேட்டுண்டுதான் இருந்தாரா?”

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் விரிப்பை இழுத்துச் சரி பண்ணினேன். சரி பண்ண அதில் ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து மாமி கட்டிலில் உட்கார்ந்து அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஏதேதோ சொன்னார். உடம்பு அசதியில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன், மனதில் அப்படி இல்லை என்றெல்லாம். சார் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை அசையவில்லை. எழுந்துபோய் அடுப்படியில் நிற்கலாம் என்று எனக்கு இருந்தது, ஆனால் நாற்காலி கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் மாட்டியிருந்தது.

கடைசியில் மாமி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். “இங்கயே இருக்கேளா, அவன் சொல்ற எடத்துக்குப் போறேளா? இங்கன்னா ஒண்ணு காட்டுங்கோ. அங்கன்னா ரெண்டு.”

அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

மாமி என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். மாமிக்கு ஒரு வழி விட வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். “மாத்திக் கேளுங்க மாமி. கை தானா அப்படி நின்னிருக்கும்.”

மாமி மாற்றிக் கேட்டார். அங்கே போவதென்றால் ஒன்று, இங்கே என்றால் இரண்டு. சார் நடுவிரலை மடித்துக்கொண்டார். ஆள்காட்டி விரல் மட்டும் நின்றது.

இதற்கப்புறம் தற்செயல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மாமிக்கு அந்த ஒரு சந்தேகமாவது இருந்திருக்கும்.

“ஏன்னு கேளு” என்றார் மாமி.

“அதைக் கேக்க எனக்குத் தெரியாது மாமி.”

“என் மேல கோவத்துலயா, இல்லை என் இடுப்பைப் பார்த்தா? அதை மட்டும் கேளு.”

இதற்கும் ஒன்று, இரண்டு என்று மாமியே கேட்டுப் பார்த்தார். சார் கையை இழுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். தூங்கவில்லை. இமை துடித்துக்கொண்டிருந்தது.

புரிந்தால் அனுப்ப மாட்டேன் என்று சொன்ன மாமிக்கு, புரிந்ததால்தான் அனுப்ப வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. நான் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன், பொய்யும் இல்லை.

இப்போது மாமி மறுபடியும் பூங்காவுக்கு வருகிறார். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் கொட்டிவாக்கம் போய் வருகிறார். இரண்டு பஸ், அடையாறில் மாற வேண்டும். சார் அங்கே நன்றாகத்தான் இருக்கிறாராம். வேளைக்குப் புரட்டிவிடுகிறார்களாம். மாமி போனால் முகத்தைத் திருப்புவதில்லை, கையைக் கொடுக்கிறார். அந்த ஒரு கேள்வி கேட்டால் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார்.

அதனால் மாமி என்னிடம் கேட்கிறார். ஆயாவும் மற்றவர்களும் எழுந்து போன பிறகு, பெஞ்சில் நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்பார். உனக்குத் தெரியும், அவர் கண்ணைப் பார்த்தாயே, எனக்கு வருத்தமாக இருக்கும் என்று மறைக்கிறாய். தெரியாது மாமி என்பேன். மறுநாளும் கேட்பார். கணக்கை அக்குவேறு ஆணிவேறாகச் சொல்லிக் காட்டிய பிறகும் அந்த நம்பிக்கை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. பத்து வருஷம் நான் ஊட்டி வளர்த்தது, ஒருநாளில் எப்படிப் போகும்?

போன வாரம் எனக்கு அலுத்துவிட்டது. ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டால் அவரும் தூங்குவார், நானும் தூங்குவேன் என்று தோன்றியது. ஒருவேளை அது உண்மையாகக்கூட இருக்கலாம்.

“உங்க இடுப்பைப் பாத்துதான் மாமி. கோவமெல்லாம் இல்ல” என்றேன்.

மாமி ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். “பொய் சொல்றே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய், பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்.

வாசல்வரை சேர்ந்தே நடந்தோம். தகரத் தடுப்பைச் சுற்றி வர இரண்டு பேருக்கும் நேரம் பிடித்தது. பஸ் நிறுத்தத்தில் மாமி, “நாளைக்கு வியாழக்கிழமை. நீயும் கூட வா” என்றார். முட்டி வலி, இரண்டு பஸ் ஏற முடியாது என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு விரிப்பை இழுத்துக்கொண்டே நான் சொன்னதையும் அந்த மனுஷர் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். அதை மாமி ஒருநாளும் எனக்கு நினைவுபடுத்தியதில்லை.

எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டேன்.